சாம்பல் கோடுகளும் வானிலிருந்து எடுத்த படங்களும்: அப்பாஸியத் தலைநகர்களை வரைபடத்தில் மீட்டெடுத்தல்

திஜ்லா (டைக்ரிஸ்) நதிக்கரையில் பக்தாத் மாநகரின் முதற்கல் வைக்கப்படுவதற்கு முன்னரே அதன் நிறுவனர் அந்நகரைத் தம் கண்ணால் கண்டுவிட்டார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். ஹிஜ்ரி 145-இல் (கி.பி. 762) கலீஃபா அபூ ஜஃபர் அல்-மன்ஸூர் தாம் எழுப்பவிருந்த வட்ட நகரின் அமைப்பைத் தரைமீது சாம்பலால் கோடிட்டுக் காட்டுமாறு பணித்தார். ஒவ்வொரு வாயிலின் வழியாகவும் உள்ளே நுழைந்து, மதில்கள் வரவிருந்த இடங்களுக்கிடையே நடந்து பார்த்தார். அதன் பின்னர், அக்கோடுகளின் மேல் பருத்திக்கொட்டைகளைப் பரப்பி, அவற்றின்மீது நஃப்த் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தச் செய்தார். தீ எரிந்து காட்டிய வடிவில் நகரம் முழுவதும் அவருக்குத் துலங்கிற்று. அதே கோடுகளின்மீது அடித்தளம் தோண்டுமாறு ஆணையிட்டார்.

மதீனதுஸ் ஸலாம் என்று பெயர் பெற்ற அந்த வட்ட நகரிலிருந்து இன்று தரைக்கு மேல் ஒரு செங்கல்கூட எஞ்சவில்லை. கூஃபா, பஸ்ரா, குராஸான், ஷாம் ஆகிய நான்கு திசைகளை நோக்கிய நான்கு வாயில்களும், நடுவே நின்ற பள்ளிவாசலும், அரண்மனையும் போயின. மங்கோலியரே அனைத்தையும் அழித்தனர் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஹுலாகு வந்த கி.பி. 1258-க்கு மிக முன்னரே வட்ட நகரம் சிதையத் தொடங்கிவிட்டது. அமீன், மஃமூன் சகோதரர் போரின்போது 812, 813-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த முற்றுகை அதைக் குலைத்தது. புகழ்பெற்ற பச்சைக் குவிமாடம் ஹிஜ்ரி 329-இல் (கி.பி. 941) இடிந்து வீழ்ந்தது. நதியும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. அந்நிலத்தின்மேல் இன்றைய பக்தாத் பரந்து கிடக்கிறது.

ஆயினும், அந்நகரத்தின் படத்தை நாம் பார்த்திருக்கிறோம். கணினியில் வரையப்பட்ட வட்ட மதில்கள், நடுவில் பச்சைக் குவிமாடம், பேரீச்ச மரங்கள், கால்வாயில் மிதக்கும் படகுகள் ஆகியவற்றுடன் பள்ளிப் பாடநூல்களிலும் ஆவணப் படங்களிலும் அது வருகிறது. மிக அழகிய படம்தான். அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் எது சான்று என்று கேட்டால் மட்டும் படம் மௌனம் சாதிக்கிறது.

அம்மௌனம் ஏன் கவலைக்குரியது என்பதை விளங்கிக்கொள்ள, கதீபுல் பக்தாதீயின் (மறைவு ஹிஜ்ரி 463 / கி.பி. 1071) 'தாரீகு பக்தாத்' நூலின் தொடக்கப் பகுதியைப் பார்த்தால் போதும். வட்ட நகரின் அளவு குறித்து அவருக்குப் பல அறிவிப்புகள் கிடைத்திருந்தன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஹதீஸ் கலை வல்லுநரான அவர், பொருந்தாத அறிவிப்புகளை ஒதுக்கிவிட்டு ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வோர் அறிவிப்பையும் அதற்குரிய இஸ்னாதுடன் அடுத்தடுத்துப் பதிவு செய்தார். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டது இது. மற்றவர் சொன்னது அது. யஃகூபீ தம் 'கிதாபுல் புல்தான்' நூலில் தரும் அளவு இவற்றிலிருந்தும் வேறுபடுகிறது. முழம் என்ற சொல்லே அன்று ஒரே நீளத்தைக் குறிக்கவில்லை. கறுப்பு முழம் ஒன்று, ஹாஷிமி முழம் வேறொன்று. ஆகவேதான் கை லெ ஸ்ட்ரேஞ்ச் 1900-இல் வெளியிட்ட வரைபடங்களிலிருந்து ஹெர்ஸ்ஃபெல்ட், கிரெஸ்வெல் ஆகியோரின் கணக்குகள் வரை, நகரின் விட்டம் இரண்டு கிலோமீட்டருக்கும் மூன்று கிலோமீட்டருக்கும் இடையே ஊசலாடுகிறது. ஈராக்கிய அறிஞர்களான முஸ்தஃபா ஜவாதும் அஹ்மத் ஸூஸாவும் 1958-இல் பக்தாதின் பண்டைய வரைபடத்துக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டனர். அவர்களும் நூல்களை ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டியிருந்தது. அளந்து பார்க்க நிலத்தில் எதுவும் இல்லை.

நூல் நிரம்பவும் நிலம் வெறுமையாகவும் இருப்பது பக்தாத். நிலமே பேசும் நகரம் ஒன்றுண்டு. பக்தாதிலிருந்து வடக்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், அதே திஜ்லாவின் கரையில் கிடக்கும் ஸாமர்ரா அது.

கலீஃபா முஃதஸிம் தாம் திரட்டிய துருக்கிய வீரர்களுக்கும் பக்தாத் மக்களுக்கும் இடையே மூண்ட பூசல்களைத் தாங்கமாட்டாமல், ஹிஜ்ரி 221-இல் (கி.பி. 836) தலைநகரை அங்கு மாற்றினார். 'கண்டோர் மகிழ்வர்' என்னும் பொருள்பட 'ஸுர்ர மன் ரஆ' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. ஹிஜ்ரி 279-இல் (கி.பி. 892) முஃதமித் பக்தாதுக்கே திரும்பும்வரை எட்டுக் கலீஃபாக்கள் அங்கிருந்து ஆட்சி புரிந்தனர். ஐம்பத்தாறு ஆண்டுகளே தலைநகராக இருந்த ஊர் அது. ஆயினும், நதியையொட்டி நாற்பது கிலோமீட்டருக்கும் மேலாக அதன் இடிபாடுகள் நீண்டு கிடக்கின்றன. கட்டடங்கள் அடங்கிய பரப்பு மட்டும் ஏறத்தாழ 57 சதுர கிலோமீட்டர்.

இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களைக் கசையால் அடித்த கலீஃபா என்றே முஃதஸிமை நம் வாசகர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பர். அவருடைய மகன் முதவக்கில் அக்கொடுமைக்கு முடிவு கட்டியபின், இமாம் அவர்களை மரியாதையுடன் ஸாமர்ராவுக்கு வரவழைத்தார். அவர்கள் தங்கவைக்கப்பட்ட மாளிகை இதாக் என்ற துருக்கியத் தளபதியுடையது என்று தெரிந்ததும், அங்கிருக்க மறுத்துவிட்டார்கள் என வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கலீஃபாவின் உணவையும் அவர்கள் தொடவில்லை. தளபதிகளின் மாளிகைகளும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளுமே அந்நகரின் எலும்புக்கூடு என்பதை நாம் பின்னர் வானிலிருந்து எடுத்த படங்களில் காணும்போது, இமாமின் அந்த மறுப்பு நமக்கு இன்னும் தெளிவாகப் புரிகிறது.

ஸாமர்ராவுக்கு வழிகாட்டியாக நமக்கு வாய்த்திருப்பவரும் யஃகூபீயே. ஹிஜ்ரி 278-ஐ ஒட்டி, அதாவது நகரம் கைவிடப்படும் தறுவாயில், அவர் அதைப்பற்றி எழுதினார். நகரத்தின் நெடுஞ்சாலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்தச் சாலையில் யாருடைய நிலம், எங்கே வரி அலுவலகம், எங்கே சிறைச்சாலை, எங்கே அடிமைச் சந்தை என்று தெருத்தெருவாக அழைத்துச் செல்கிறார். துருக்கிய வீரர்கள் பொதுமக்களுடன் கலவாதிருக்க, அவர்களுக்குத் தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டதை விவரிக்கிறார். தளபதி அஷ்னாஸுக்கு வடக்கே கர்க், அஃப்ஷீனுக்குத் தெற்கே மதீரா. நகரின் கிழக்கே 'ஹைர்' எனப்பட்ட வேட்டைக்காடு இருந்தது. குடியிருப்பு பெருகப் பெருக அதன் மதிலை இடித்து, இன்னும் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். இவ்வளவும் சொன்னவர் ஒரு வரைபடத்தை மட்டும் தரவில்லை.

வரைபடத்தை நிலமே வைத்திருந்தது. அரண்மனைகளும் வீடுகளும் பெரும்பாலும் பச்சைமண் கல்லாலும் இறுக்கிய மண்ணாலும் கட்டப்பட்டவை. மழையில் கரைந்து, சுவர் இருந்த இடத்தில் ஒரு தாழ்ந்த மேடாக அவை படிந்துவிட்டன. தரையில் நடப்பவனுக்கு அவை வெறும் மண்மேடுகள். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் மேலிருந்து பார்ப்பவனுக்கு அவை அறைகள், முற்றங்கள், தெருக்கள்.

இதை முதன்முதலில் கண்டவர்கள் தொல்லியலாளர் அல்லர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் 1911 முதல் 1913 வரை ஸாமர்ராவில் அகழாய்வு நடத்தி, அரண்மனைகளையும் சுதை வேலைப்பாடுகளையும் வெளிக்கொணர்ந்தார். ஆனால், நகரத்தை ஒரு முழுமையாகக் காணும் வாய்ப்பு முதல் உலகப் போரில், ஆங்கிலேயப் படையின் விமானங்களுக்குத்தான் கிட்டியது. மெசபடோமியப் போர்முனையில் நில அளவைப் பணிக்கு இந்திய நில அளவைத் துறையினர் அனுப்பப்பட்டிருந்தனர். பரங்கிமலையில் லாம்ப்டன் 1802-இல் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த அளவை மரபு அது. அப்போர்முனையில் பணியாற்றிய பீஸ்லி என்ற படைப் பொறியாளர், இராணுவ வரைபடத்துக்காகப் பறந்தபோது கண்ட பழைய நகரத்தின் தெருக்களையும் கால்வாய்களையும் பற்றி 1919-இல் ஒரு கட்டுரை எழுதினார். கால்வாய்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியதாயிற்று. அதைச் செய்தவர் முன்பு நாம் குறிப்பிட்ட அஹ்மத் ஸூஸா. நீர்ப்பாசனப் பொறியாளரான அவர், அப்பாஸியர் கால ஸாமர்ராவின் பாசனம் குறித்து 1940களின் இறுதியில் வெளியிட்ட நூல் இன்றும் பயன்படுகிறது. யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அவ்வறிஞரின் பெயர் தமிழில் அதிகம் அறியப்படாமலிருப்பது நமக்கு வருத்தம் தருகிறது.

அதன் பின்னர் வந்தவை செயற்கைக்கோள்கள். பனிப்போர்க் காலத்தில் 1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை ஏவியது. அவை படச்சுருளில் படம் பிடித்து, சுருளை ஒரு பெட்டகத்தில் பூமிக்கு அனுப்பின. பாராசூட்டில் இறங்கும் பெட்டகத்தை ஒரு விமானம் வானிலேயே கொக்கியிட்டுப் பிடித்தது. ஏவுகணைத் தளங்களைத் தேடி எடுத்த அப்படங்களில், மேற்காசியாவின் பண்டைய ஊர்களும் கால்வாய்களும் தாமாகவே பதிந்திருந்தன. 1995-இல் இரகசியத் தடை நீக்கப்பட்டு, எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பொதுமக்களுக்குக் கிடைத்தன. பிற்காலக் கொரோனா படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்வரை பிரித்தறியலாம்.

இப்படங்களை அப்படியே ஒரு வரைபடத்தின்மேல் வைக்க முடியாது. அகன்ற பரப்பை வளைத்து எடுத்த படமாதலால், நடுப்பகுதி ஓரளவு சரியாகவும் ஓரங்கள் இழுபட்டும் இருக்கும். இங்கேதான் புவித்தகவல் முறைமை என்னும் கணினி முறை உதவுகிறது. பழைய படத்திலும் இன்றைய அளவையிலும் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க இடங்களை முதலில் தேர்ந்தெடுப்பார்கள். அவற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பர். அப்புள்ளிகள் தமக்குரிய அட்சரேகை, தீர்க்கரேகைகளில் வந்து பொருந்துமாறு படம் முழுவதையும் கணினி நீட்டியும் சுருக்கியும் அமைக்கும். இவ்வாறே 1917-இன் படம் ஓர் அடுக்கு, ஹெர்ஸ்ஃபெல்ட் வரைந்தது ஓர் அடுக்கு, கொரோனா ஓர் அடுக்கு, நிலத்தின் ஏற்ற இறக்கம் ஓர் அடுக்கு எனக் கண்ணாடித் தாள்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஸாமர்ராவில் இப்பணியைப் பல்லாண்டுகள் முன்னின்று செய்தவர் அலஸ்டேர் நார்த்தெஜ். 1983 முதல் நடந்த அவருடைய கள ஆய்வும், பழைய விமானப் படங்களும், யஃகூபீ முதலியோரின் நூல்களும் சேர்ந்து, அந்நகரின் வரலாற்று நிலவமைப்பு பற்றிய நூலாக 2005-இலும், டெரெக் கென்னட்டுடன் இணைந்து உருவாக்கிய தொல்லியல் நிலப்படத் தொகுப்பாக 2015-இலும் வெளிவந்தன. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் ஒவ்வொன்றாக எண்ணிடப்பட்டு அதில் இடம்பெற்றுள்ளன.

படத்தையும் நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நம்மை மிகவும் ஈர்த்தது நகரின் வடகோடிதான். முதவக்கில் தம் இறுதி ஆண்டுகளில் அங்கே ஜஃபரிய்யா என்ற புதிய நகரை எழுப்பினார். நெடுஞ்சாலையை இருநூறு முழ அகலத்தில் அமைத்து, இருமருங்கும் வாய்க்கால் ஓடவிட அவர் திட்டமிட்டதாக யஃகூபீ எழுதுகிறார். படிப்பவர்க்கு இது மிகைபோலத் தோன்றும். படத்திலோ அச்சாலை பாலையை நேர்கோடாகக் கிழித்துச் செல்கிறது. அகலம் ஏறத்தாழ நூறு மீட்டர். முழம் அரை மீட்டர் என்று கொண்டால், யஃகூபீ சொன்னது சரி. அந்நகருக்கு நீர் கொண்டுவரத் தோண்டிய கால்வாய், கூழாங்கல்லும் பாறையுமான நிலத்தில் மண்வெட்டி இறங்காமல் தோற்றுப்போனது என்றும் அவரே சொல்கிறார். அக்கால்வாயின் தடமும் படத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 247-இன் தொடக்கத்தில் முதவக்கில் அங்குக் குடியேறினார், அவ்வாண்டு ஷவ்வால் மாதத்தில் (கி.பி. 861) அங்கேயே கொல்லப்பட்டார். மகன் முன்தஸிர் மக்களைப் பழைய நகருக்குத் திரும்பச் சொல்லி, கட்டடங்களைப் பெயர்த்துச் செல்ல ஆணையிட்டார். ஓராண்டுகூட வாழாத ஒரு நகரத்தின் முழு உருவம் நமக்குக் கிடைத்திருக்கிறதென்றால், அதற்கு அந்த வெறுமையே காரணம். அதன்மேல் வேறெவரும் வீடு கட்டவில்லை.

நூல்கள் கோடிட்டுக் காட்டாதவற்றையும் படம் காட்டுகிறது. குதிரைப் பந்தயத்துக்கென அமைத்த ஓடுதளங்கள், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுடன் சமவெளியில் வளைந்து செல்கின்றன. தரையிலிருந்து எவராலும் அவற்றின் வடிவத்தை ஊகிக்க இயலாது. தெற்கே காதிஸிய்யாவில், ஒன்றரைக் கிலோமீட்டர் விட்டமுள்ள ஓர் எண்கோண மதில் தெரிகிறது. ஹாரூன் அர்-ரஷீத் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட நகரம் அது என்பது ஆய்வாளர் கருத்து. அவருடைய பாட்டனார் மன்ஸூரின் வட்ட நகரை நினைவில் கொண்டே அது திட்டமிடப்பட்டிருக்கலாம் என்பர். அவ்வாறாயின், பக்தாதில் அடியோடு மறைந்த ஒரு வடிவத்தின் நிழல் இங்கே மண்ணில் விழுந்து கிடக்கிறது. 'அவ்வாறாயின்' என்ற சொல்லை வேண்டுமென்றே இட்டோம். எண்கோணம் இருப்பது உறுதி; அது பக்தாதின் நிழல் என்பது ஒரு கருத்து.

இவ்வேறுபாட்டைத்தான் திரையில் தோன்றும் வரைபடம் விழுங்கிவிடுகிறது. கணினிக்கு எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பானவை. இன்றும் நிற்கும் சுட்ட செங்கல் மதிலுக்கும், ஒரு நூலின் அரை வரியிலிருந்து நாம் ஊகித்த தெருவுக்கும் அது ஒரே மையைப் பயன்படுத்துகிறது. அதன்மேல் முப்பரிமாணச் சுவர்களை எழுப்பி, வண்ணம் தீட்டி, வெயிலும் நிழலும் சேர்த்துவிட்டால், பார்ப்பவர் மனத்தில் ஐயமே எழாது. கையால் வரைந்த லெ ஸ்ட்ரேஞ்சின் படம் தான் ஒரு முயற்சி என்பதைத் தன் தோற்றத்திலேயே ஒப்புக்கொண்டது. இன்றைய படத்துக்கு அந்த நாணம் இல்லை.

குறை கருவியுடையது அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். புவித்தகவல் முறைமையில் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. இக்கோடு எந்தப் படத்திலிருந்து பெறப்பட்டது, எந்த நாளில் எடுத்த படம், எந்த நூலின் எந்தச் செய்தி இதற்குச் சான்று, வரைந்தவர் எந்த அளவுக்கு இதை உறுதியாகக் கருதுகிறார் என்பனவற்றையெல்லாம் அதில் பதிந்து வைக்கலாம். முரண்பட்ட இரு கருத்துகள் இருப்பின், இரண்டையும் இரு அடுக்குகளாக வைக்கலாம். அச்சிட்ட தாளில் இயலாத இந்தக் காரியத்தை கதீபுல் பக்தாதீ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சொற்களால் செய்தார். இஸ்னாத் இல்லாத செய்தியைத் தள்ளிவைக்கக் கற்ற ஒரு சமுதாயம், இஸ்னாத் இல்லாத படத்தை மட்டும் ஏன் கேள்வியின்றி ஏற்க வேண்டும்? பக்தாதின் வட்ட நகரைப் பிள்ளைகளுக்குக் காட்டுகையில் மூன்று வெவ்வேறு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினால் அவர்கள் குழம்பிப்போவார்கள் என்று ஆசிரியர் ஒருவர் நம்மிடம் சொன்னார். கதீபின் வாசகர்கள் குழம்பவில்லை என்பதே நம் மறுமொழியாயிருந்தது.

அரபு நூலைப் படிக்கத் தெரிந்தவருக்கு இப்பணியில் இடமில்லை என்று எண்ணுவதும் தவறு. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். யஃகூபீ பெயர் சொல்லும் சாலைகளில் ஒன்று அபூ அஹ்மத் சாலை. அது எங்கே ஓடிற்று? படம் கோடுகளைத் தரும், பெயர்களைத் தராது. அவருடைய மற்றொரு நூலான 'தாரீக்' வரலாற்றில், இமாம் அலீ அல்-ஹாதீ (ரஹ்) ஹிஜ்ரி 254-இல் மறைந்தபோது அபூ அஹ்மத் சாலையில் ஜனாஸா தொழுகை நடந்தது என்றும், கூட்டமும் அழுகையும் பெருகியதால் உடலை அவர்களின் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுசென்று அங்கு அடக்கம் செய்தனர் என்றும் வருகிறது. அந்த அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. அவர்களின் மகன் இமாம் ஹஸன் அல்-அஸ்கரீ (ரஹ்) அவர்களும் அங்கேயே அடங்கியுள்ளார்கள். ஆக, ஒரு மரணச் செய்தி, தொலைந்த சாலை ஒன்றை நிலத்தோடு சேர்த்துக் கட்டும் முளையாகிறது. கணினிக்கு இது தானே தெரியாது. இரண்டு நூல்களையும் படித்த ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

அந்த முளைகளே இன்று ஆட்டம் கண்டுள்ளன. 1956-இல் ஸாமர்ரா அணைக்கட்டு முடிந்தது. பாசனம் பரவியது, அடக்கத்தலத்தைச் சுற்றி வளர்ந்திருந்த சிற்றூர் மதிலைத் தாண்டிப் பெருநகராயிற்று. 1960களின் படத்தில் தெளிவாகத் தெரியும் மாளிகை வரிசைகள் பலவற்றின்மேல் இன்று வயல்களும் குடியிருப்புகளும் உள்ளன. மண்சுவர் கரைந்த மேட்டுக்கு ஓர் உழவே போதும். வாழும் மக்களுக்கு வயலும் வீடும் வேண்டும் என்பதை மறுக்க நமக்கு உரிமையில்லை. 2003-இன் படையெடுப்புக்குப் பின் நேர்ந்தவை வேறு வகை. 52 மீட்டர் உயரமுள்ள மல்விய்யா மினாராவை அமெரிக்கப் படையினர் துப்பாக்கி நிலையாகப் பயன்படுத்தினர். 2005 ஏப்ரலில் அதன் உச்சி குண்டுவெடிப்பில் சிதைந்தது. 2006 பிப்ரவரியில் அடக்கத்தலத்தின் பொற்குவிமாடமும், 2007 ஜூனில் அதன் இரு மினாராக்களும் தகர்க்கப்பட்டன. அதற்குப் பின் மூண்ட உட்பகையில் மாண்ட உயிர்களுக்கு முன் கட்டடம் பெரிதன்று. பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. யுனெஸ்கோ 2007-இல் ஸாமர்ராவை உலக மரபிடமாக ஏற்றபோது, அதே நேரத்தில் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது. நகரின் பெரும்பகுதி இன்னும் அகழப்படவே இல்லை.

இவ்வாறு, அந்நகரின் பல பகுதிகளுக்கு மூலம் என்று சொல்லத்தக்கது இப்போது நிலமன்று. உளவு பார்க்க எடுத்த ஒரு படச்சுருள். அச்சுருளின் படங்களைத் தமக்குரிய இடத்தில் பொருத்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டுமல்லவா? பழைய படத்திலும் இன்றைய நிலத்திலும் மாறாமல் நிற்பவை அங்கு மிகச் சில. 239 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் கொண்ட முதவக்கிலின் பெரிய பள்ளிவாசலின் கூரை போய்விட்டது, தூண்கள் போய்விட்டன; சுட்ட செங்கல்லாலான வெளிமதில் மட்டும் நாற்புறமும் நிற்கிறது. தெருக்கள் மறைந்த ஒரு நகரத்தைத் திரையில் நிறுத்த முனைவோர், அம்மதிலின் நான்கு மூலைகளைத்தான் முதலில் தேடுகின்றனர்.